நாற்பத்து மூன்று பேரின் சேமிப்பு

சாவியம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லித் தொடங்கலாம் என்றால் அவளே அதற்கு இடம் கொடுக்க மாட்டாள். வீட்டுப் புரோக்கர். இருபத்தாறு வருடமாக வாடகைக்கும் விலைக்கும் வீடு காட்டுகிறாள். பெற்றவர்கள் வைத்த பெயர் பத்திரங்களில் சாட்சிக் கையெழுத்தாக மட்டும் இருக்கிறது; தெருவுக்கும் பார்ட்டிகளுக்கும் அவள் சாவியம்மாதான். தோளில் தொங்குகிற பையில் எந்நேரமும் முப்பது நாற்பது வீட்டுச் சாவிகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் துண்டுக் காகிதம் ஒட்டி, மாடியையும் உரிமையாளரின் குணத்தையும் எழுதி வைத்திருப்பாள். 'இரண்டாம் மாடி, கஞ்சன்.' 'தரைத்தளம், நாய் கடிக்காது, அம்மா கடிப்பார்.' ஒருமுறை அந்தச் சாவியை மறந்துபோய் அந்த அம்மாவிடமே கொடுத்துவிட்டாள். அந்த வீட்டை அவளால் விற்க முடியவில்லை.

வயது ஐம்பத்தொன்று. கணவர் என்று ஒருவர் இருந்தார். இப்போது வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. நூற்றுக்கணக்கான பேருக்குச் சொந்த வீடு வாங்கிக் கொடுத்தவள், இன்றுவரை ஒண்டுக் குடித்தனத்தில் வாடகைக்கு இருக்கிறாள். இதைச் சொல்லி யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். பல் டாக்டரெல்லாம் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறாரா என்று கேட்பாள்.

டயர் கடைக்கு மேலே ஒற்றை அறைதான் அவள் ஆபீஸ். ஒரு மேஜை, ரெக்சின் கிழிந்த மூன்று நாற்காலிகள், சுவர் முழுக்க ஆணியடித்த பலகையில் மீதிச் சாவிகள். கீழே டயருக்குக் காற்று அடிக்கும்போதெல்லாம் மேலே பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். விலை பேசுகிற தொழிலில் அது நல்லதுதான் என்பது அவள் கட்சி. காற்று அடித்து முடிக்கிற நேரத்தில் பாதிப் பார்ட்டிகள் மனம் மாறி இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொல்லிவிடுவார்கள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞானம் வந்தது. கறுப்புப் பணம் எல்லாம் வீட்டிலும் நிலத்திலும் புகுந்து வெள்ளையாகி வெளியே வருகிறதாம். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இத்தனை காலம் ஆயிற்று என்பதே சாவியம்மாவுக்குச் சிரிப்பாக இருந்தது. சரி, கண்டுபிடித்தவர்கள் பணத்தைப் போட்டவனைப் பிடிப்பார்கள் என்று பார்த்தால், வீடு காட்டினவளைப் பிடித்தார்கள். வீடு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் பணம் எப்படி வந்தது என்று இனிமேல் புரோக்கர் கேட்க வேண்டும். பதிலைப் படிவத்தில் எழுதி, ஆதாரமும் வாங்கி ஃபைலில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பியது அந்தப் பார்ட்டிக்கு எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது; ஜாடையாகச் சொன்னாலும் ஜெயில். இதையெல்லாம் ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். போலீஸ் வேலை முழுவதும் அதில் இருந்தது. சம்பளம் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஒவ்வொரு ஆபீசிலும் இதைக் கவனிக்க ஒரு பொறுப்பு அதிகாரி இருக்க வேண்டும் என்று விதி. அவள் ஆபீசில் இருப்பதே அவள் ஒருத்தி. ஆகவே தன்னைத்தானே அதிகாரியாக நியமித்து, நியமனக் கடிதம் அடித்து, 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் போட்டாள். ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை பயிற்சி கொடுக்க வேண்டும் என்று இன்னொரு விதி. பயிற்சி கொடுத்தவர் என்ற இடத்தில் நீல மையிலும் பெற்றவர் என்ற இடத்தில் கறுப்பு மையிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, நடுவே இடைவேளை என்று ஒரு டீ குடித்தாள்.

கேள்வி கேட்பதுதான் வம்பாகப் போனது. படிவம் வந்த முதல் வாரத்தில் ஒரு மொத்த வியாபாரி மாடி வீடு பார்க்க வந்தார். விலை படிந்தது. அட்வான்ஸ் வாங்கப் போகிற நேரத்தில், பணம் எப்படிச் சம்பாதித்தீர்கள் என்று சட்டப்படி கேட்டாள். அவர் எழுந்து நின்று, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவா வந்தேன் என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அடுத்த வாரம் எதிர்ச் சாரியில் இருக்கிற புரோக்கர் மூலமாக அதே வீட்டை வாங்கினார். எதிர்ச் சாரிக்காரன் வருகிறவன் பெயரையே சரியாகக் கேட்க மாட்டான்.

அன்றைக்கே அவள் முத்திரை செய்கிற கடைக்குப் போய் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வாங்கினாள். 'சொந்த சேமிப்பு' என்று இரண்டே வார்த்தை. படிவத்தில் 'பணம் வந்த வழி' என்று ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்துக்கு அளவெடுத்தாற்போல ஸ்டாம்பு அமைந்தது. அதற்குப் பிறகு எந்தப் பார்ட்டியையும் அவள் கேட்கவில்லை. கையெழுத்து வாங்குவாள், ஸ்டாம்பு குத்துவாள், ஃபைலை அடுக்குவாள். ஊரே அவள் படிவத்தில் சிக்கனமாக வாழ்ந்து சேமித்துக்கொண்டிருந்தது.

லைசென்ஸ் புதுப்பிக்கிற வருடம் வந்தபோது சோதனைக்கு ஓர் அதிகாரி வந்தாள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். டீ வேண்டாம் என்றாள். தண்ணீரும் கையோடு கொண்டுவந்திருந்தாள். நாற்பத்து மூன்று ஃபைல்களையும் ஒன்று விடாமல் புரட்டினாள். கடைசி ஃபைலை மூடி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நாப்பத்து மூணு பேருக்கும் ஒரே எடத்துலேருந்து பணம் வந்திருக்கு. ஒரே சாய்வுல வேற வந்திருக்கு."

சாவியம்மா அதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். கீழே காற்று அடித்ததில் அது கேட்கவில்லை. கேட்காததே நல்லது. அதிகாரி குரலை உயர்த்தாமல் விஷயத்தைச் சொன்னாள்: முப்பது நாள் அவகாசம். நாற்பத்து மூன்று பேரிடமும் திரும்பப் போய், பணம் உண்மையில் எப்படி வந்தது என்று கேட்டு, பேங்க் ஸ்டேட்மென்டோடு ஃபைலைச் சரி செய்ய வேண்டும். ஒன்று குறைந்தாலும் லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் ஒரு சாவியைத் தொட்டாலும் வழக்கு.

வீட்டை விற்றுக் கமிஷனும் வாங்கின பிறகு, இரண்டு மூன்று வருடம் கழித்துப் போய், இதற்கு ஏது உனக்குப் பணம் என்று கேட்டால் யார்தான் உட்கார வைத்துப் பேசுவார்கள்? ஒரு டாக்டர் அவளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிற்க வைத்தார். ஒருவர் தன் வக்கீலிடம் பேசச் சொன்னார். அந்த வக்கீல் பேசியதற்கு அவளிடமே ஃபீஸ் கேட்டார். ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் மட்டும், முப்பது வருடச் சம்பளச் சீட்டுகளை எடுத்து மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, நான் திருடியா என்று அழுதார். கத்தினவர்களைவிட அந்த அழுகைதான் சாவியம்மாவுக்குத் தாங்கவில்லை. மானத்தை விட்டு, காலில் விழாத குறையாக, அலைந்து திரிந்து இருபத்து நாலாம் நாளுக்குள் நாற்பத்திரண்டு பேரிடமும் வாங்கிவிட்டாள்.

மிச்சம் இருந்த ஒரு ஃபைல் அவள் தம்பியுடையது.

அவளைவிட எட்டு வயது இளையவன். இன்ஷூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா. இரண்டு வருடத்துக்கு முன்னால் நல்ல இடத்தில் ஃபிளாட் வாங்கினான். அவள்தான் அலைந்து பிடித்துக் கொடுத்தாள். கமிஷன் ஒரு காசு வாங்கவில்லை. போதாததற்கு, விற்கிறவனிடம் சண்டை போட்டு விலையையும் குறைத்தாள். அந்தச் சம்பளத்தில் அந்த ஃபிளாட் எப்படி வாங்க முடியும் என்று எவனோ ஒரு பார்ட்டியாக இருந்தால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். தம்பி என்பதால் ஸ்டாம்பைக் குத்தினாள்.

போன் செய்து விஷயத்தைச் சொன்னதும் அவன் எகிறினான். சொந்தத் தம்பியிடமே விசாரணையா, உன் லைசென்சுக்கு நான் ஏன் அம்மணமாக நிற்க வேண்டும் என்றான். இரண்டாம் நாள் போனை எடுக்கவே இல்லை. மூன்றாம் நாள் அவன் மனைவி எடுத்தாள். அவளுக்கும் சாவியம்மாவுக்கும் என்றைக்குமே ஆகாது. எப்படியாவது இந்தப் போன் நின்றால் போதும் என்று நினைத்தாளோ என்னவோ, கணவன் ஆபீஸ் போயிருந்த நேரத்தில் அவன் கணக்கைத் திறந்து, ஸ்டேட்மென்ட் முழுவதையும் அனுப்பிவிட்டாள்.

"எல்லாத்தையும் அனுப்பிட்டேன் அண்ணி. இனிமே எங்களத் தொந்தரவு பண்ணாதீங்க."

சாவியம்மா அதைப் பிரிண்ட் எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரி வரியாகப் பார்த்தாள். இந்த ஒரு மாதத்தில் நாற்பத்திரண்டு ஸ்டேட்மென்ட் படித்த கண். மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டது. ஒரு கட்டடக் கம்பெனியிலிருந்து நாலு தவணையாகப் பெரிய தொகை வந்திருந்தது. காரணம், 'மேற்பார்வைக் கட்டணம்.' தம்பிக்குச் சிமென்ட் எது மணல் எது என்றே தெரியாது. பத்திரத்தில் பாதி விலையைக் காட்டிவிட்டு, மீதியைப் பின்னால் வேறு பெயரில் கொடுப்பதற்கு அந்த வட்டாரத்துக் கட்டடக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அது. புரோக்கர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தை.

கம்பெனியையும் அவளுக்குத் தெரியும். அவள் அப்பாவின் ஹார்டுவேர் கடையை வாங்கி இடித்துவிட்டு, அங்கே நீலக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பியவர்கள். அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான்.

அப்பா ஒன்றரை வருடம் படுக்கையில் கிடந்தார். தம்பி வீட்டில்தான் வைத்துப் பார்த்தான். இல்லை என்று சொல்ல முடியாது. கடையை விற்க அவன் பெயருக்கு அப்பா பவர் எழுதிக் கொடுத்தார். இருவருக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்று அவள் எதிரிலேயே சொன்னார். அப்பா போன பிறகு தம்பி ஒரு ஃபைல் நிறைய ஆஸ்பத்திரி பில்களைக் கொண்டுவந்து காட்டி, கடை விற்ற பணம் முழுவதும் இதற்கே சரியாகப் போயிற்று, மேற்கொண்டு நான்தான் கையைக் கடித்துக்கொண்டேன் என்றான். அவள் பில்களைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த மாதம் தன் வாடகைக்கு வைத்திருந்ததையும் எடுத்துக் கொடுத்தாள். இப்போது அந்த மேற்பார்வைக் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தால், பத்திரத்தில் காட்டிய விலை அளவுக்கே இன்னொரு மடங்கு வந்தது.

வயிறு எரிந்தது. எழுதுவதற்கு வேறு அழகான வார்த்தை இல்லை. பணம் போனதைவிட, அந்தப் பணம் வீடாக மாறுவதற்குத் தானே முன்னால் நின்று, விலை குறைத்து, கமிஷனை விட்டுக்கொடுத்து, சேமிப்பு என்று முத்திரையும் குத்தினோமே என்பதில்தான் நெருப்பு.

அன்று மத்தியானமே தம்பியின் ஆபீஸ் வாசலில் போய் நின்று, பேப்பரை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவன் பார்த்தான். முகம் செத்துப்போனது ஒரு நொடிதான். பிறகு எதிர்த்துக்கொண்டு வந்தான்.

"பீயும் மூத்திரமும் அள்ளினது யாரு? நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆப்பிள் வாங்கிட்டு வந்து பாத்துட்டுப் போனே. அது அப்பா எனக்குக் குடுத்த கூலின்னு வச்சுக்க."

"கூலின்னா எங்கிட்ட சொல்லியிருக்கணும்டா. நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? எங்கிட்டயே வாடகைக் காசை வாங்கினியே."

"பேப்பரக் குடுத்துட்டுக் கெளம்பு. எம்மேல கை வச்சா நீயும்தான் மாட்டுவே. முத்திரை குத்தினது நீ."

அவன் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு, இந்தம்மாவை உள்ளே விடாதே என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். இந்தம்மா என்றான். அக்கா என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் நேராகத் தன் ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் அறிக்கை அனுப்பினாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சட்டம் கால் பங்கு, ஆத்திரம் முக்கால் பங்கு. நாலு வருடமாக அவள் கேலி செய்துகொண்டிருந்த அந்த அறிக்கைப் படிவத்தை, ஒரு கட்டம் விடாமல் நிரப்பினாள். கடையைக் குறைத்துக் காட்டி விற்றது, மீதியை வேறு பெயரில் வாங்கியது, அதைக் கொண்டு ஃபிளாட் வாங்கியது, எல்லாம். முதலில் விசாரிக்காமல் முத்திரை குத்தியது தன் தவறு என்பதையும் மறைக்காமல் எழுதினாள். பட்டனை அழுத்தினாள். பெற்றுக்கொண்டோம் என்று எண்ணோடு பதில் வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் ஆத்திரம் வடிந்துபோனது. வடிந்து என்ன பயன்? அனுப்பினதை வாபஸ் வாங்க அதில் பட்டன் கிடையாது.

முப்பதாம் நாள் அதிகாரி வந்தாள். நாற்பத்து மூன்றாவது ஃபைலைப் படிக்க மட்டும் வெகு நேரம் எடுத்துக்கொண்டாள். மூடிவிட்டு, படிவத்தில் 'உறவு' என்ற கட்டத்தில் போட்டிருந்ததை விரலால் தொட்டு, இது உண்மையா என்பதுபோல நிமிர்ந்து பார்த்தாள். சாவியம்மா தலையசைத்தாள். லைசென்ஸ் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துக் கிடைத்தது. முதல் முறையாக அதிகாரி ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்பி மாடி ஏறி வந்தான்.

இத்தனை வருடத்தில் அந்த ஆபீசுக்கு அவன் வந்ததே இல்லை. கிழிந்த நாற்காலியில் உட்கார்ந்து, சுவரிலிருந்த சாவிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே காற்று அடித்து ஓய்ந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு செக்கை எடுத்து மேஜைமேல் வைத்தான். மேற்பார்வைக் கட்டணம் என்று வந்ததில் சரிபாதி. ஃபிளாட்மேல் கடன் வாங்கியிருந்தான். அவன் மனைவிதான் நாலு நாளாக அவனைச் சாப்பிட விடாமல் சண்டை போட்டாளாம். அண்ணியை எனக்குப் பிடிக்காது, ஆனால் அவங்க பணத்தில் நான் குடியிருக்க மாட்டேன் என்றாளாம். சாவியம்மா இத்தனை வருடம் அந்தப் பெண்ணைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தாள்.

"அப்பா சொன்னபடி உன் பங்கு இது. அன்னிக்கே குடுத்திருக்கணும். புத்தி கெட்டுப் போச்சு. வாங்கிக்கக்கா."

அக்கா என்றான். அதற்காகத்தான் அவள் அவன் ஆபீஸ் வாசல்வரை போய் அசிங்கப்பட்டாள். ஐந்து நாள் முன்னால் இந்த மாடிப்படியை ஏறியிருக்கக் கூடாதா இந்தப் பாவி?

கை செக்கை நோக்கிப் போகவே செய்தது. மேஜை விளிம்போடு நின்றுவிட்டது. எந்தப் பணத்தைப் பற்றி அறிக்கை கொடுத்தாளோ அந்தப் பணத்தில் வாங்கின ஃபிளாட்மேல் வந்த செக். தெரிந்தே வாங்கினால் அவளும் குற்றவாளி. சின்னப் புத்தகத்தில் அடிக்கோடு போட்டு அச்சடித்திருந்தார்கள். ஏன் வாங்கவில்லை என்று சொன்னால் அது அதைவிடப் பெரிய குற்றம். வேண்டாம் என்றாள்.

குறைவாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, வட்டியும் போட்டுத் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். காலில் விழ வேண்டுமா என்று கேட்டான். அதற்கும் வேண்டாம் என்றாள்.

"அப்ப ஏன்னு சொல்லு."

"சொல்ல முடியாதுடா."

"தப்புப் பண்ணினவன் திருந்தி வந்தாலும் சேத்துக்க மாட்டே. கடைசிவரைக்கும் நான் திருடனாவே இருக்கணும். அதானே உனக்கு வேணும்?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இல்லை என்றால் ஏன் என்பான். மறுபடியும் அங்கேதான் வந்து நிற்கும். வக்கீலைப் பார், உடனே பார் என்று ஒரு வார்த்தை போட்டால் அவனுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். அதையும் சொல்லக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தம்பி செக்கை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு படியில் பின்னாலேயே ஓடி, டயர் கடைக்காரர்கள் பார்க்க, அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள். அவன் கையைத் தட்டிவிடவில்லை. அவளை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, செத்தாலும் என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மேலே வந்து உட்கார்ந்தாள். வேலை இன்னும் முடியவில்லை. அறிக்கைக்கு ஆளானவர் பிற்பாடு பணம் கொடுக்க முயன்றால், அதையும் ஒரே நாளில் எழுதி அனுப்ப வேண்டும். பொறுப்பு அதிகாரி அவள்தானே. பழைய எண்ணைப் போட்டுப் படிவத்தைத் திறந்தாள். கொடுக்க வந்த தொகை, தேதி, நேரம், மறுத்த விவரம் எல்லாவற்றையும் நிரப்பினாள். கொடுக்க முயன்ற காரணம் என்ற கட்டம் வந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்பாவின் சொத்தில் என் பங்கு' என்று அடித்தாள்.

அப்பா வாயால் சொன்னதோடு சரி, எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தம்பி பில்களில் அது இல்லை, பத்திரத்தில் இல்லை. அவளுக்கு ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் இருக்கிற ஒரே காகிதம் இந்தப் படிவம்தான். அதை அவள் யாரிடமும் காட்டக் கூடாது.